கண் சொல்லும் சாட்சி

அரபு மொழியில் விழித்திரைக்கு ‘ஷபகிய்யா’ என்று பெயர். ‘ஷபகா’ என்றால் வலை. கிரேக்க மருத்துவ நூல்களை அரபுக்குக் கொணர்ந்த அறிஞர்கள் கையாண்ட இச்சொல், பின்னர் இலத்தீனில் ‘ரெடினா’ ஆயிற்று. அங்கும் அதன் வேர் வலையே. இன்று கண் மருத்துவமனைகளில் எடுக்கப்படும் விழித்திரைப் படத்தை ஒருமுறை பார்த்தவர், இப்பெயரின் பொருத்தத்தை எண்ணி வியக்காமல் இரார். ஆறு வாய்க்கால்களாகவும், வாய்க்கால் வயல் மடைகளாகவும் பிரிவதுபோல, செம்மஞ்சள் தளத்தின்மீது இரத்தக் குழாய்கள் கிளைத்துப் படர்ந்திருக்கக் காணலாம்.

தோலைக் கீறாமல், ஊசி குத்தாமல், இரத்தம் ஓடும் நுண்ணிய வழிகளை இவ்வளவு தெளிவாகக் காணத்தக்க இடம் நம் உடலில் கண்ணைப்போல் வேறில்லை. 1851இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கண்ணுள் ஒளியைச் செலுத்தி உள்ளே நோக்கும் கருவியை உலகுக்கு அறிவித்தார். அன்று மருத்துவர்க்கு ஒரு சாளரம் திறந்தது. அதன் வழியே தோன்றும் தமனிகளுள் பெரியவைகூட ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அகலமே உடையவை.

அச்சாளரத்திற்கும் இதயத்திற்கும் என்ன தொடர்பு என வாசகர் வினவலாம். இதயம் உடல் முழுமைக்கும் இரத்தத்தை ஊட்டுகிறது. இதயத்திற்கு ஊட்டுவது எது? தன் அறையில் நிறையும் இரத்தத்தாலேயே அது ஊட்டம் பெறுகிறது எனப் பண்டையோர் கருதினர். கெய்ரோவில் மருத்துவராய் விளங்கி 1288இல் மறைந்த இப்னுந் நபீஸ், இப்னு ஸீனாவின் நூலுக்கு வரைந்த உரையில் இதனை மறுத்தார். இதயத் தசையினுள் பரவியுள்ள குழாய்களே அதற்கு உணவளிக்கின்றன என்றெழுதினார். கண் மருத்துவம் பற்றியும் தனி நூல் செய்தவர் அவர்.

அக்குழாய்களுள் பெரியவை இதயத்தின் மேற்புறத்தே ஓடுகின்றன. மணிக்கட்டு அல்லது தொடை வழியே மெல்லிய குழாயைச் செலுத்திச் சாயம் பாய்ச்சி எடுக்கும் ஆஞ்சியோகிராம் அவற்றையே நன்கு காட்டும். தசைக்குள் நுழைந்து செல்லும், அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த நுண்குழாய்கள் அதில் புலப்படா. நோய் அங்கே குடியிருந்தால், படம் ‘அடைப்பு இல்லை’ என்னும், நெஞ்சோ வலிக்கும். ஆண்களைவிடப் பெண்களிடமே இந்நிலை மிகுதியாகக் காணப்படுகிறது.

நாம் ‘லாத்தா’ என்றழைக்கும் மூத்த உறவினர் ஒருவருக்கு இதுவே நேர்ந்தது. நாலு படி ஏறினாலே மார்பை யாரோ அழுத்துவதுபோல் இருக்கும் அவருக்கு. ஆஞ்சியோகிராம் எடுத்த இடத்தில், “அடைப்பு ஏதுமில்லை, வாயுத் தொல்லை, மனக்கவலை” என்று கூறி அனுப்பிவிட்டனர். வீட்டாருக்கு அது நிம்மதி, அவருக்கோ தண்டனை. மூச்சு வாங்கி அவர் உட்காரும்போதெல்லாம், “டாக்டரே ஒன்றுமில்லை என்றுவிட்டாரே” என்ற சொல் அவர் வாயை அடைத்தது. ஈராண்டுகள் அவர் வலியைச் சொல்வதையே விட்டுவிட்டார். பின்னர்ச் சர்க்கரை நோய்க்காகக் கண்ணைச் சோதிக்கச் சென்றபோது, விழித்திரைப் படத்தைப் பார்த்த மருத்துவர், “அம்மா, படியேறினால் உங்களுக்கு நெஞ்சு வலிக்குமா?” என்று கேட்டார். தமனிகள் வழக்கத்தினும் குறுகியிருந்தனவாம். ‘ஆம்’ என்று சொல்லும்போதே லாத்தா அழுதுவிட்டார். அவர் தந்த கடிதத்துடன் வேறோர் இதய மருத்துவரிடம் சென்று, இரத்த ஓட்டத்தை அளக்கும் சோதனை செய்த பின்னரே, நுண்குழாய் நோய் என்று உறுதியாயிற்று. இன்று மருந்துண்டு நலமாக நடமாடுகிறார்.

அக்கண் மருத்துவரின் ஐயம் வெறும் ஊகமன்று. 1939இல் அமெரிக்க மருத்துவர் மூவர், இரத்தக் கொதிப்புடையோரை விழித்திரையின் நிலைகொண்டு நான்கு வகையாகப் பிரித்து, மாறுதல் முற்ற முற்ற ஆயுள் குறைவதைக் காட்டினர். 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, விழித்திரைத் தமனிகள் குறுகிய பெண்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்றது. ஆண்களிடம் அத்தொடர்பு காணப்படவில்லை.

கருவிகளும் வளர்ந்துள்ளன. 1961இல் வந்த முறையில், விழித்திரைக் குழாய்களைத் துலக்கமாகப் படமெடுக்கக் கையில் சாய ஊசி போடவேண்டும். 1991இல் அறிமுகமான ஓ.சி.டி. முறை, ஒளியைக்கொண்டே விழித்திரையைப் படலம் படலமாகக் காட்டியது. அதன் வழிவந்த புதிய முறை, ஊசியின்றியே நுண்குழாய்களையும் காட்டுகிறது. 2018இல் கூகுள் ஆய்வாளர்கள் 2,84,335 பேரின் படங்களைக்கொண்டு கணினியைப் பயிற்றிய செய்தியை வெளியிட்டனர். ஐந்தாண்டுகளுக்குள் மாரடைப்பு போன்ற கேட்டிற்கு ஆளான ஒருவர், ஆளாகாத ஒருவர் என இருவர் படங்களை வைத்தால், நூற்றுக்கு 70 முறை அது முன்னவரைச் சரியாகச் சுட்டியது. எஞ்சிய 30 முறை தவறியது என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே கண் சாட்சியேயன்றிக் காஜி அன்று. சாட்சி தான் கண்டதைச் சொல்லும். தீர்ப்புக்கு வேறு சான்றும் வேண்டும். கண்ணின் குழாய் குறுகினால் நெஞ்சின் குழாயும் குறுகியே தீரும் என்பதில்லை. கண் நன்றாயிருப்பதால் நெஞ்சும் நலமே என்பதுமில்லை. கண்புரை முதிர்ந்தால் படமே மங்கும். இதயத்தின் இரத்த ஓட்டத்தைத் தக்க சோதனைகளால் அளந்தே நோயை உறுதி செய்வர். திடீரென மிகும் நெஞ்சு வலிக்கோ, கணமும் தாழ்த்தாது மருத்துவமனைக்கு விரைதலே முறை.

சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உடையோர் ஆண்டுக்கொருமுறை விழித்திரையைச் சோதித்துக்கொள்வது பார்வைக்கே காப்பு. அவ்வேளையில் நெஞ்சழுத்தமோ மூச்சுத் திணறலோ உண்டேல் அதனையும் கூசாமல் சொல்லுதல் நன்று. வீட்டாருக்கும் ஒரு கடமை உண்டு. உம்மாவோ லாத்தாவோ மனைவியோ “நெஞ்சு கனக்கிறது” என்றால், பழைய படத்தைக் காட்டி அவர் வாயை அடைத்துவிடாதீர்கள். ஒரு படத்தில் தெரியாத நோய், இல்லாத நோய் ஆகிவிடாது. வலியுற்றவர் வாய்ச்சொல்லே முதற் சாட்சி. கண்ணின் சாட்சியும் கருவியின் சாட்சியும் அதற்குப் பின்னரே.