நாய்க்கும் நரிக்கும் உள்ள சொந்தம்

பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் ‘அனிமல்ஸ்’ ஆல்பம் 1977 ஜனவரியில் வந்தது. அதில் நாய் என்றால் அடுத்தவனைக் கடித்து முன்னேறும் வியாபாரி. பன்றி, ஊருக்கு உபதேசம் செய்யும் அதிகாரம். ஆடு, தலை குனிந்து பின்னால் போகும் கூட்டம். ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’ நாவல் தந்த வழிதான். ஆனால் இங்கே ஆடுகள் கடைசியில் திருப்பி அடிக்கின்றன.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஸ்ஸில் ‘என்ஜாய் எஞ்சாமி’ போடும்போதெல்லாம் அந்த ஆல்பம் ஞாபகம் வருகிறது. 2021இல் வந்த இந்தப் பாட்டு ராக் இல்லை, ராப். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை வைத்து ராப் பாடகர் அறிவு எழுதியது. ஏரி குளம் நாய்க்கும் நரிக்கும் பூனைக்கும் சொந்தம் என்கிறார். இந்த விலங்குகள் எந்த மனிதருக்கும் முகமூடி இல்லை. நிலத்தின் பங்காளிகள்.

பலர் இதை இயற்கைப் பாட்டு என்கிறார்கள். எனக்கு அது குற்றப்பத்திரிகை. நரிக்கும் பங்குள்ள மண்ணில், 1948இல் மலையகத் தமிழரான நம் ஆட்களின் குடியுரிமை போனது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. மிஞ்சியவர்கள் காலில் அட்டைக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு மலை ஏறினார்கள். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்.

இன்றும் எத்தனையோ குடும்பங்களுக்குத் தாங்கள் வாழும் லயத்து வரிசை வீட்டுக்குக் காணி உறுதி இல்லை. அடுத்த தடவை இந்தப் பாட்டுக்கு ஆடுங்கள், தாராளமாக. நாயும் நரியும் வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று கேளுங்கள்.