உப்புத் தரையில் வேகம் தேடுகிறவர்கள்

சால்ட் லேக் சிட்டியை விட்டு மேற்கே, 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறினால் நெவாடா எல்லை வரை சாலை வளைவதே அபூர்வம். முதலில் வலப்புறம் ஏரி வருகிறது. பிறகு சேற்று நிலம், பிறகு உப்புப் பூத்த சாம்பல் மண். கடைசியில் வெண்மை தவிர வேறொன்றும் இல்லை. வென்டோவர் என்ற சிற்றூருக்குச் சற்று முன்னால் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி, ஒரு கிளைச் சாலையில் சில கிலோமீட்டர் போனதும் தார் தீர்ந்துவிடுகிறது. அதற்கப்பால் உப்பு. வண்டியை அப்படியே அதன்மேல் ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

யூட்டா மாநிலத்தின் பானவில் உப்புவெளி இது. பனியூழிக் காலத்தில் இங்கே பரந்து கிடந்த ஒரு பெரும் ஏரி வற்றியபோது விட்டுச்சென்ற படிவு. ஒவ்வொரு குளிர்காலத்திலும் மெல்லிய நீர்ப்படலம் இதை மூடுகிறது. காற்று அந்த நீரை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளித் தரையை மட்டமாக்குகிறது. கோடையில் நீர் வற்றினால் சிமென்டுத் தளம் போட்ட மாதிரி ஒரு பரப்பு. ஆகஸ்டு வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை, தரையிலிருந்து திரும்பி வந்தும் அடிக்கிறது. மோவாய்க்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் ஓரத்திலும் களிம்பு பூசச் சொன்னார்கள். பூசாதவர்களை மாலையில் பார்த்தபோது ஏன் என்று விளங்கியது.

நான் போனது வேக வாரத்துக்காக. தென் கலிபோர்னியா நேரக்கணிப்புச் சங்கம் 1937-இல் தொடங்கப்பட்டது. 1949 முதல் இந்த உப்பின்மீது இவ்விழாவை நடத்துகிறது. இங்கே ஒருவரை ஒருவர் முந்துவதில்லை. ஒரு வண்டி தனியாகப் புறப்படுகிறது, மைல்கணக்கில் நேராக ஓடுகிறது, அளவுக் கருவிகளைக் கடக்கிறது. ஓட்டியவர் கையில் ஒரு சீட்டு வருகிறது. ஒவ்வொரு மைலிலும் சராசரி வேகம் என்ன என்பது அதில் இருக்கும். பரிசுப் பணம் கிடையாது. இந்தச் சீட்டுக்காகத்தான் ஆண்டு முழுவதும் வீட்டுக் கொட்டகையில் இன்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறார்கள்.

எனக்கு இந்த இடத்தின்மேல் ஆசை வந்ததற்குக் காரணம் அந்தச் சீட்டு. ஏர் ஃபில்டரை மாற்றினால் பிக்கப் கூடுமா, சைலன்சரைப் பெரிதாக்கினால் வண்டி இழுக்குமா, சிப் போட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் கார் வைத்திருப்பவர்கள் எங்கும் கேட்கிற கேள்விகள். பதில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் காதால் கேட்டதை வைத்துச் சொல்கிறார்கள். சத்தம் கூடினால் வேகம் கூடியது போலத்தான் தோன்றும். உப்புத் தரையில் சத்தத்துக்கு மதிப்பெண் இல்லை.

முதலில் ஒரு கணக்கு. வேகம் கூடக் கூட, காற்றை விலக்கிச் செல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். மணிக்கு 150 மைல் போகிற ஒரு காரின் இன்ஜினில் 5 சதவீதச் சக்தியைக் கூட்டினால், கிடைப்பது ஏறக்குறைய இரண்டரை மைல். கடையில் வாங்கி மாட்டும் பல உதிரிகள் இந்த 5 சதவீதத்தையே எட்டுவதில்லை. இவ்வளவு கருமியான ஒரு விதியோடு இத்தனை பேர் மல்லுக்கட்டுகிறார்களே என்ற வியப்பு, அங்கிருந்த வரையில் என்னை விட்டு நீங்கவில்லை.

வண்டிகள் நிறுத்தும் பகுதியில் ஒரு சிறிய பழைய காரை நடுவில் வைத்துக்கொண்டு தந்தையும் மகளும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தந்தை எழுபதைத் தாண்டியவர், பட்டறைக்காரர்; மகள்தான் ஓட்டுநர். நிழலுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். ஏர் ஃபில்டர் பற்றி நான் கேட்டதும் பெரியவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். “அந்த ஃபில்டர் காற்றை எங்கிருந்து எடுக்கிறது, பார்த்தீர்களா?”

கேள்வி அங்கேதான் இருக்கிறது. புதிய கார்கள் பெரும்பாலும் முன்பக்கத்திலிருந்து, முகவிளக்குக்குப் பின்னாலிருந்து, குளிர்ந்த வெளிக்காற்றைக் குழாய் வைத்து எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டரைத் திறந்தபடி மாட்டினால், பானெட்டுக்குள் ரேடியேட்டர் சுட்டு அனுப்பிய காற்றை இன்ஜின் குடிக்கிறது. வெளியே 30 டிகிரி, உள்ளே 60 டிகிரி என்றால், அதே கொள்ளளவில் காற்றின் எடை 9 சதவீதம் குறைவு. காற்று குறைந்தால் எரிகிற எரிபொருளும் குறையும். காசு கொடுத்துச் சக்தியை இழப்பது இப்படித்தான். அதே மனிதர் தம் பழைய காரில் முன்முகப்பிலிருந்து அலுமினியத் தகடு வளைத்து ஒரு காற்றுக்குழாய் போட்டிருந்தார். அந்தக் காரைச் செய்தவர்கள் இன்ஜின் சூட்டிலிருந்தே காற்றை எடுக்க விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் இவர் கைவைத்ததால் பலன் கிடைத்தது.

அழுக்கடைந்த ஃபில்டரைப் பற்றி ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் சோதித்துப் பார்த்தது. கணினி கட்டுப்படுத்தும் இக்காலக் கார்களில் ஃபில்டர் அடைத்திருந்தாலும் மைலேஜ் குறையவில்லை. ஆனால் முழு வேகத்தில் மிதிக்கும்போது பிக்கப் தளர்ந்தது. ஆகவே அடைத்ததை மாற்றினால் போனது திரும்பும். சுத்தமான காகித ஃபில்டரை எடுத்துவிட்டு விலையுயர்ந்த பஞ்சு ஃபில்டரைப் போட்டுப் புதிதாக ஒன்றைப் பெறுவது கடினம். பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டுவது, காற்றுக் குழாய்க்குள் சுழல்விசிறி வைப்பது போன்றவை இன்னொரு ரகம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட எரிபொருள் சேமிப்புக் கருவிகளை நூற்றுக்கும் மேலாக ஆராய்ந்திருக்கிறது. ஏதாவது பலன் தந்தவை மிகச் சில, அவையும் சொற்பம். அவற்றை வாங்க வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன்.

அப்படியானால் இந்த விழாவையே உண்டாக்கிய, பழைய கார்களை வேகத்துக்காக மாற்றியமைத்த ஹாட் ராட் இளைஞர்கள் எப்படி வெற்றி பெற்றார்கள்? ஃபோர்டு நிறுவனம் 1932-இல் கொண்டுவந்த வி8 இன்ஜின் 65 குதிரைத்திறன் தந்தது. கலிபோர்னியப் பையன்கள் அதன் ஹெட்டை லேத்துப் பட்டறையில் இழைத்து அழுத்த விகிதத்தை ஏற்றினார்கள், கூடுதலாக ஒரு கார்புரேட்டரை ஏற்றினார்கள். அழுத்த விகிதம் 6-இலிருந்து 8-க்கு ஏறினால், ஏட்டுக் கணக்கில் அதே எரிபொருளில் 10 சதவீதம் அதிக வேலை கிடைக்கும். எந்த ஊர் மட்டரகப் பெட்ரோலிலும், எந்த உழவர் ஓட்டினாலும் பழுதில்லாமல் ஓட வேண்டும் என்று நிறுவனம் நிறைய மிச்சம் வைத்திருந்தது. பையன்கள் அந்த மிச்சத்தை எடுத்துக்கொண்டார்கள். இன்றைய கார் இன்ஜின்களில் அழுத்த விகிதம் 10-ஐத் தாண்டிவிட்டது. அழுத்தம் மிஞ்சித் தட்டல் வருகிறதா என்று ஒவ்வொரு நொடியும் உணரி கேட்டுக்கொண்டே இருக்கிறது. மிச்சம் வழித்தெடுக்கப்பட்டுவிட்டது. டர்போ இன்ஜின்கள் மட்டும் விதிவிலக்கு. அவற்றில் காற்றழுத்தத்தை நிறுவனம் மென்பொருளால் அடக்கி வைத்திருக்கிறது. சிப் மாற்றி அதை உயர்த்தினால் 20 சதவீதம்கூடக் கிடைப்பதுண்டு. அதற்கான சூட்டையும் முறுக்கையும் கிளச்சும் கியர்பாக்ஸும் பிஸ்டனும் தாங்குமா என்பதை யார் பார்ப்பது? நிறுவனம் மிச்சம் விட்ட இடத்தைக் கண்டுபிடித்தால் பலன், இல்லாத இடத்தில் தேடினால் செலவு. உப்பின்மேல் நான் பேசிய யாருமே இதை மறுக்கவில்லை.

கைவேலையால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இங்கே எல்லோரும் சொல்லும் பெயர் பர்ட் மன்றோ. நியூசிலாந்தின் தென்கோடி நகரமான இன்வர்கார்கில்லைச் சேர்ந்தவர், 1899-இல் பிறந்தவர். 1920-இல் ஓர் இந்தியன் ஸ்கவுட் மோட்டார் சைக்கிள் வாங்கினார். 600 சிசி, மணிக்கு 55 மைல்தான் போகும். அதைப் பல பத்தாண்டுகள் விடவில்லை. பழைய உலோகத்தை உருக்கி வீட்டிலேயே பிஸ்டன் வார்த்தார். டிராக்டர் அச்சிலிருந்து கனெக்டிங் ராடு செதுக்கினார். வார்ப்பிரும்புக் குழாயில் சிலிண்டர் செய்தார். உடைந்த பிஸ்டன்களை எறியாமல், வேகத்தின் தெய்வத்துக்குப் படைத்தவை என்று எழுதி அலமாரியில் வரிசையாக வைத்தார். 1967 ஆகஸ்டில், தமது 68-ஆம் வயதில், 950 சிசியாக வளர்ந்திருந்த அதே இன்ஜினோடு இந்த உப்பில் மணிக்கு 183.586 மைல் சாதனை படைத்தார். கணக்கில் இருந்த பிழை பின்னாளில் கண்டுபிடிக்கப்பட்டு, 2014-இல் அது 184.087 என்று திருத்தப்பட்டது.

அவர் ஓடிய திசையில் நானும் நின்று பார்த்தேன். தொலைவில் எதுவும் தெரியவில்லை. கானல் நீருக்கு மேலே சில மலைகள் மிதந்துகொண்டிருந்தன. ஒரே ஆள், ஒரே இன்ஜின், 47 ஆண்டுகள்! மும்மடி விதியை வைத்துப் பார்த்தால், 55-இலிருந்து 184-க்குப் போக முப்பது மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். அவ்வளவையும் இன்ஜின் தந்திருக்க முடியாது. மீன் வடிவ மேலுறை ஒன்றைச் செய்து அதற்குள் மன்றோ படுத்துக்கொண்டு ஓட்டினார், காற்று விட்டுக்கொடுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பில் பர்க் என்பவர் போர்விமானங்களின் அடியில் தொங்கும் எரிபொருள் தொட்டிகளை வாங்கி, அவற்றுக்குள் இன்ஜினை வைத்துக் கார் செய்ததும் இதே அறிவினால்தான். சக்தியைக் கூட்டுவதைவிடத் தடையைக் குறைப்பது மலிவு என்பதை காற்று இவர்களுக்குச் சீக்கிரமே சொல்லிக்கொடுத்துவிட்டது.

காற்று இங்கே இன்னொரு விளையாட்டும் காட்டுகிறது. உப்புவெளி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இதே வெயிலில் சென்னைக் கடற்கரையில் கிடைக்கும் காற்றைவிட இங்கே 14 சதவீதம் மெல்லிய காற்று. டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்குச் சக்தியை இழக்கிறது. ஆனால் எதிர்ப்பதும் அதே மெல்லிய காற்றுதானே? தடையும் அதே அளவுக்குக் குறைகிறது. இழப்பும் லாபமும் ஏறக்குறைய நேராகிவிடுகின்றன. டர்போ வைத்தவர்கள் உள்ளே காற்றை அமுக்கி நிரப்பிக்கொண்டு, வெளியே மெல்லிய காற்றில் வழுக்கிப் போகிறார்கள். நைட்ரோமீத்தேன் எரிப்பவர்களோ ஆக்சிஜனை எரிபொருளுக்குள்ளேயே கொண்டுவருகிறார்கள். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று தேவை, நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும். மிக்கி தாம்சன் 1968-இல் கட்டிய சேலஞ்சர் 2 என்ற நீளமான வண்டியை, அரை நூற்றாண்டு கழித்து 2018-இல் அவர் மகன் டேனி இந்த எரிபொருளில் ஓட்டி 448.757 மைல் தொட்டார். மணிக்கு 722 கிலோமீட்டர்!

வண்டியின் எடையைக் குறைத்தால் வேகம் கூடும் என்று எல்லோரும் சொல்கிறோம். இங்கே ஈயக் கட்டிகளை வண்டிக்குள் ஏற்றுகிறார்கள். உப்பில் டயருக்குப் பிடிமானம் குறைவு. எடை இல்லாவிட்டால் சக்கரம் சுழலும், வண்டி போகாது. புறப்படும்போது வண்டியைப் பின்னாலிருந்து ஒரு லாரி தள்ளிவிடுகிறது. எடையை இழுக்கும் சிரமம் முதல் மைல்களில் தீர்ந்துவிடும். உச்ச வேகத்தில் காற்றோடுதான் சண்டை.

இவ்வளவையும் தாங்கும் உப்பு ஆண்டுக்கு ஆண்டு மெலிகிறது. 2014-இல் மழையாலும் அடுத்த ஆண்டு தரை சரியில்லாததாலும் விழா நடக்கவில்லை. பக்கத்தில் பொட்டாஷ் எடுக்கும் சுரங்கம் உப்புநீரை இறைக்கிறது. 1990-களின் இறுதியில் குளிர்கால மாதங்களில் உப்புநீரைத் திருப்பிப் பாய்ச்சும் முயற்சி நடந்தது. ஓடுபாதை குறுகினால், அதே வேகத்தைக் குறைந்த தூரத்தில் எட்ட வேண்டும். அதற்கு இன்னும் சக்தி வேண்டும். இந்தத் தரையை இப்படிக் கரைய விடுவது எனக்குத் தாங்கவில்லை.

அன்று மாலை அந்தப் பட்டறைக்காரரின் மகள் தம் பிரிவின் பழைய சாதனையை மயிரிழையில் தாண்டிவிட்டார். விதிப்படி வண்டியைத் தனி அடைப்புக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நான்கு மணி நேரம் வேலை பார்க்கலாம், மறுநாள் காலை மீண்டும் ஓட வேண்டும். இரண்டின் சராசரிதான் கணக்கு. நான்கு மணி நேரம் கையில் இருந்தும் பெரியவர் இன்ஜினைத் திறக்கவில்லை. விடிகாலையில் 15 டிகிரிக்கு இறங்கினால், 35 டிகிரி மதியத்தைவிடக் காற்று 7 சதவீதம் கனமாக இருக்கும். கார்புரேட்டர் அதற்கேற்ற பெட்ரோலைத் தானாகத் தராது, கலவை மெலிந்து பிஸ்டன் சுடும். அதனால் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டைக் கழற்றி ஓர் எண் பெரியதைப் போட்டார். சுண்டுவிரல் நகமளவு பித்தளைத் துண்டு. மகள் கதவு இடுக்குகளில் நாடா ஒட்டினார், டயர் காற்றைப் பார்த்தார். அவ்வளவுதான்.

காலை ஓட்டம் முடிந்ததும், முழு வேகத்திலேயே இன்ஜினை அணைத்துவிட்டு உருண்டு வந்து நின்றார் மகள். அப்படி அணைத்தால்தான் ஸ்பார்க் பிளக் உண்மையைக் காட்டும். பெரியவர் பிளக்கைக் கழற்றி உருப்பெருக்கிக்குள் வைத்துப் பார்த்தார்: இளம் பழுப்பு. சீட்டை வாங்குவதற்கு முன்பே நோட்டைத் திறந்து, ஜெட் எண்ணையும் காற்றின் சூட்டையும் எழுதினார். கீழே இன்னொரு வரி: அடுத்த முறை டைமிங் ஒரு டிகிரி முன்னே, வேறு எதையும் தொடக் கூடாது.