பதம் மரத்தடியில்

நவம்பர் 7, பாங்கோட்

நைனிதாலிலிருந்து 15 கிலோமீட்டர். விடியுமுன்னே விநாயக் சரிவில் போய் உட்கார்ந்தோம், சீர் காட்டுக்கோழிக்காக. செங்குத்தான புல்சரிவு, பல் கிட்டிக்கிற குளிர். இரண்டு மணி நேரம் காத்திருந்தும் குரல்கூடக் கேட்கவில்லை. ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்றார் வழிகாட்டி. திரும்பும் வழியில் டீக்கடைக்குப் பின்னால் ஒரு மரம், இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடந்தது. ஊரே குளிருக்கு அடங்கும் மாதத்தில் இதற்கு மட்டும் வசந்தம்.

நவம்பர் 8

சரிவுக்குப் போகவில்லை. டீக்கடைக்கே வந்துவிட்டேன். மரத்தின் பெயர் பதம். ‘பய்யா’ என்றும் சொல்கிறார்கள். இமயமலையின் காட்டுச் செர்ரி. மற்றச் செர்ரிகள் வசந்தத்துக்குக் காத்திருக்க, இது ஐப்பசி கார்த்திகையிலேயே பூத்துவிடும். கல்யாணப் பந்தலுக்கு இதன் இலைதான் தோரணமாம்; அதனால் எளிதில் யாரும் கோடரி வைப்பதில்லை என்றார் கடைக்காரர். செம்புநிறப் பட்டை பளபளவென்று வளையம் வளையமாக உரிகிறது.

ஏழு மணிக்கு வெயில் கிளையைத் தொட்டதும் சந்தை கூடிவிட்டது. சாம்பல் தலைக் கிளிகள் பூவைக் காம்போடு கிள்ளி, அடியை நசுக்கித் தேனை எடுத்துவிட்டு உதிர்க்கின்றன. என் டீயில் மூன்று பூ. கொண்டை வைத்த யுகினாக் குருவி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் தலைகீழாகத் தொங்கியது. நெற்றியெல்லாம் மஞ்சள் மகரந்தம், சந்தனம் இட்டதுபோல. பூவுக்கு வேண்டிய வேலையைச் செய்வது அதுதான். கிளிகள் வெறும் கொள்ளைக்காரர்கள்.

நவம்பர் 9

கத்திக்கொண்டே ஒரு கூட்டம் இறங்கியது. சிவந்த அலகு, சிவந்த கால், கருஞ்சாம்பல் உடம்பு. எங்கள் கோத்தகிரிச் சோலையில் தினம் கேட்கிற கறுப்புச் சின்னான்! தொலைநோக்கியைத் திருகிப் பார்த்தால் வால் நுனி பிளந்திருக்கிறது. நம்மூர்ப் பறவைக்கு அது சதுரமாக வெட்டியதுபோல இருக்கும். முன்பு இரண்டையும் ஒரே இனமாகத்தான் எண்ணினார்கள். இப்போது வேறு வேறு. தூரத்துச் சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்த மாதிரி இருந்தது.

காட்டுக்கோழியைக் கடைசிவரை பார்க்கவில்லை. அதற்காக வருத்தமுமில்லை. நவம்பரில் இந்தக் குமாவோன் மலைப்பக்கம் போகிறவர்கள் வழிகாட்டியிடம் முதலில் பதம் எங்கே பூத்திருக்கிறது என்று கேளுங்கள்.