ஜோசே டொர்ரெஸ் என்னும் நல்ல நெடியவர்

உலகம் ஒருவரைப் புகழுங்கால் அவர் பக்கத்தே நின்றவரை மறந்துவிடுதல் இயல்பு. உதைபந்தாட்ட உலகிலும் அஃது அவ்வாறே. 1966ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்தில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தைப் பற்றிப் பேசுவோர் போர்த்துக்கல் தேசத்து யூசேபியோவை வானளாவப் புகழ்வர். அப்பந்தயத்தில் ஒன்பது கோல் அடித்து, எல்லாரினும் மிகுதியாக அடித்தவர் என்னும் கீர்த்தியை அவர் பெற்றார். ஆயினும், அவ்வாட்டங்களின் வரலாற்றைப் படிக்குந்தோறும் என் மனம் சென்று நிற்பது அவரருகே நின்ற ஜோசே டொர்ரெஸ் என்பவரிடத்தேயாம். முதலில் ஆட்டக்காரராகவும், பின்னர் ஆட்டக்காரர்க்குத் தலைவராகவும் விளங்கிய அவரது வாழ்க்கை என்னுள் ஒரு வினாவை எழுப்புகின்றது: பிறர்க்குக் கொடுத்தே பழகிய ஒருவன் பிறர்க்குத் தலைவனாகுங்கால், அக்குணம் அவனுக்குப் போதுமோ?

டொர்ரெஸ் 1938ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 8ஆம் நாள் டொர்ரெஸ் நோவஸ் என்னும் ஊரிற் பிறந்தார். 1959இல் லிஸ்பன் மாநகரத்துப் பென்பிக்கா என்னும் புகழ்பெற்ற சங்கத்திற் சேர்ந்தார். ஆறடியினும் மிக்க நெடிய உருவமும், அவ்வுருவத்திற்கு மாறான சாந்த குணமும் உடையவராதலின், மக்கள் அவரை ‘நல்ல இராட்சதன்’ என்று அன்புடன் அழைத்தனர். ஓய்வு நேரங்களில் அவருக்குப் பிரியமானது புறா வளர்த்தல்.

அவர் ஆடிய இடம் முன்வரிசையின் நடுவிடம்; அதனைச் சென்டர் பார்வர்டு என்பர். அவ்விடத்தில் நிற்பவர் கோல் அடித்தே பெயர் பெறுவர். டொர்ரெஸும் அதிற் குறைந்தவரல்லர். 1962-63ஆம் ஆண்டுப் போர்த்துக்கல் லீக் ஆட்டங்களில் 26 கோல் அடித்து முதலிடம் பெற்றார். ஆயின் அவரது விசேஷத் திறமை வேறொன்று. இரு ஓரங்களிலிருந்தும் உயர்ந்து வரும் பந்தை, காவலர் அனைவர்க்கும் மேலே எழும்பித் தலையால் ஏற்று, ஓடிவரும் தோழர் காலடியில் இறக்கிக் கொடுப்பார். அத்தோழர் பெரும்பாலும் யூசேபியோவே. தாவீதின் கீர்த்தி வளரக் கண்டு மகிழ்ந்த யோனத்தானை நாம் வேதத்தில் அறிவோம். டொர்ரெஸின் ஆட்டத்தைப் பற்றிப் படிக்கையில் எனக்கு அவ்விளவரசனே நினைவிற்கு வருகின்றான்.

1966ஆம் ஆண்டு அரையிறுதி ஆட்டம் இதற்குத் தக்க சான்று. டொர்ரெஸ் தலையால் முட்டிய பந்து கோலினுட் புகாதபடி, இங்கிலாந்தின் ஜாக் சார்ல்ட்டன் அதனைக் கையால் தடுத்தார். அக்குற்றத்திற்குத் தண்டனையாகக் கிடைத்த உதையை யூசேபியோ கோலாக்கினார். கணக்கில் ஏறியது யூசேபியோவின் பெயர். அதற்குக் காரணமாயிருந்தது டொர்ரெஸின் தலை. அவ்வாட்டத்தில் போர்த்துக்கல் 2-1 என்று தோற்றது. இரண்டு நாள் கழித்து, மூன்றாம் இடத்திற்காகச் சோவியத் தேசத்தாருடன் ஆடியபோது, ஆட்டம் முடியுந் தறுவாயில் வெற்றிக் கோலை அடித்தவர் டொர்ரெஸே. 2022ஆம் ஆண்டுப் பந்தயம் வரையிலும் உலகக் கோப்பையில் போர்த்துக்கல் எய்திய மிக உயர்ந்த இடம் அம்மூன்றாம் இடமேயாகும். தோல்வியும் அவருக்குப் புதிதன்று. 1963, 1965, 1968 ஆகிய மூன்றாண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ஆடி, மூன்றிலும் தோற்ற பென்பிக்காக் கட்சியில் அவர் இருந்தார்.

1971இல் பென்பிக்காவை விட்டுச் செட்டூபல், எஸ்டொரில் என்னும் ஊர்ச் சங்கங்களில் ஆடிய பின்னர், பயிற்றும் தொழிலை மேற்கொண்டார். 1984இல் தேசியக் கட்சியின் பயிற்சித் தலைமை அவரிடம் வந்தது. 1986ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்குத் தகுதி பெறும் பொருட்டு அவர் கட்சி கடைசியாக ஆடவேண்டியது மேற்கு ஜெர்மனியோடு, அவர்கள் நாட்டிலேயே. அத்தேசத்தார் அதுகாறும் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் ஒன்றிலேனும் தோற்றதில்லை. போர்த்துக்கல் வெல்வதோடு, பிராகு நகரில் சுவீடனும் தோற்றாக வேண்டும். கணக்கறிந்தோர் அனைவரும் கைவிட்ட நிலையில், தம்மைக் கனவு காண விடுமாறு டொர்ரெஸ் கேட்டார். 1985 அக்டோபர் 16ஆம் நாள் ஸ்டட்கார்ட் நகரில் கார்லோஸ் மானுவேல் தொலைவிலிருந்து உதைத்த பந்து கோலிற் புகுந்தது. போர்த்துக்கல் 1-0 என்று வென்றது. அன்றே சுவீடனும் தோற்றது. இருபது ஆண்டுகட்குப் பின் அத்தேசம் மீண்டும் உலகக் கோப்பைக்குச் சென்றது.

ஆனால் மெக்சிக்கோ தேசத்தில் அக்கனவு கலைந்தது. சால்ட்டில்லோ என்னும் ஊரில் தங்கியிருந்த ஆட்டக்காரர்க்கும் தேசிய உதைபந்தாட்டச் சங்கத்தார்க்கும் பரிசுப் பணம், விளம்பர ஊதியம் ஆகியவற்றைக் குறித்துப் பெரும் பிணக்கு மூண்டது. ஆட்டக்காரர் விளம்பரம் பொறித்த உடைகளை உட்புறம் வெளியே தெரியுமாறு அணிந்து பயின்றனர். வேலைநிறுத்தம் செய்வதாகவும் அச்சுறுத்தினர். இந்நிலையிலும் முதல் ஆட்டத்தில் இங்கிலாந்தை 1-0 என்று வென்றனர். அதன்பின் கட்சித் தலைவரும் கோல் காவலருமான பென்ட்டோ பயிற்சியிற் கால் முறிந்து வீழ்ந்தார். போலந்திடம் 0-1 என்றும், மொராக்கோவிடம் 1-3 என்றும் தோற்று, தம் பிரிவிற் கடைசி இடம் பெற்று ஊர் திரும்பினர். டொர்ரெஸ் பதவி நீங்கினார்.

அவரிடம் கடுமை இருந்திருப்பின் கட்சி சிதறியிராது என்று கூறுவாருளர். எனக்கு அங்ஙனம் தோன்றவில்லை. ஆட்டக்காரராய் இருந்தபோது அவர் கொடுத்தது தமக்குரிய பொருள்: தம் உயரம், தம் தலை, தம் கோல் பெறும் வாய்ப்பு. தலைவரானபோது ஆட்டக்காரர் வேண்டி நின்ற பணமோ அவர் கையில் இல்லை. அது சங்கத்தார் பெட்டியில் இருந்தது. பிறர் கொடுக்க வேண்டியதைத் தம் நற்குணத்தால் ஈடுசெய்ய எத்துணைப் பெரியவராலும் ஆகாது. அவர் தம்முடையதாகக் கொடுக்கக்கூடியது நம்பிக்கை ஒன்றே. அதனை அவர் நிறையக் கொடுத்தார். அஃது அவர்களை ஸ்டட்கார்டிலிருந்து மெக்சிக்கோ வரை கொண்டு சேர்த்தது. நியாயமான ஏற்பாடின்றி அதற்கப்பால் நம்பிக்கை மட்டும் நடவாது.

நம் கல்லூரியை விட்டுச் செல்லும் மாணவருட் பலர் நாளை ஆசிரியராகவும், அதிகாரியாகவும், சபைகளின் மூப்பராகவும் பிறரை நடத்தப் போகின்றவர்கள். அன்னார் அன்புடையராயிருத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதனோடு, தம் கீழுள்ளார்க்குச் சேரவேண்டியது யார் கையில் இருக்கின்றது என்பதையும் முன்னரே ஆராய்ந்து, அது காலத்தில் வந்து சேரும்படி வழக்காடவும் வேண்டும். நற்குணமுடைய தலைவர் பலர் இடறுவது இவ்விடத்தேதான்.

டொர்ரெஸைத் தம் முதுமையில் நினைவை அழிக்கும் அல்ஸைமர் என்னும் நோய் பற்றியது. 2010ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆம் நாள், எழுபத்திரண்டு வயது நிறைய ஐந்து நாள் இருக்கையில், அவர் காலமானார். தாம் இறக்கிக் கொடுத்த பந்துகளை அவர் மறந்திருக்கலாம். அவற்றைப் பெற்றவர்களும், அவர்தம் ஆட்டத்தைக் கண்டவர்களும் மறக்கவில்லை.