வெஸ்ட்ரி பீரோ

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பழைய சர்ச் ஏதாவது இருக்கிறதா? இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மணியை ஒரு தடவையாவது திட்டியிருப்பீர்கள். வாரம் பூராவும் அலாரம் வைத்து எழுந்துவிட்டு, தூங்கக் கிடைக்கிற ஒரே நாளில் ஏழரைக்கே டாண் டாண் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? எட்டு மணி ஆராதனைக்கு அது முதல் மணி. ஆரம்பிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது இன்னொரு மணி அடிப்பார்கள். அந்த மணி அடிக்கும்போதும் வீட்டில் சேலைக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருப்பவர்கள் சபையில் பாதிப் பேர் என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும்.

மணி அடிப்பவரைக் கோயில்பிள்ளை என்போம். கதவு திறப்பது, பெஞ்சு துடைப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, மைக் கரகரத்தால் ஓடிப்போய் ஒயரை ஆட்டுவது எல்லாம் அவர் வேலை. சம்பளத்தைக் கேட்காதீர்கள், எங்களுக்குத்தான் வெட்கம். சாவு மணி அடிப்பதில் அவர் ஒரு கலைஞர். ஒன்று அடித்து, அதன் ரீங்காரம் முழுதாக அடங்கும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்புறம்தான் அடுத்தது. அந்த இடைவெளியில் தெருவில் மீன் விற்கிற அம்மா முதல் ஆட்டோ ஸ்டாண்டு வரை எல்லோரும், "யாரு... யாராம்?" என்று கேட்டுக்கொள்வார்கள். மதம் பார்த்துக் கேட்பதில்லை.

வட சென்னையில் இருக்கிறது எங்கள் சர்ச். போர்டில் சி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கும். ஸ்கூல், ஆஸ்பத்திரி வாசல்களில் இந்த மூன்று எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். தென்னிந்தியத் திருச்சபை. 1947 செப்டம்பர் 27-ம் தேதி, நாடு சுதந்திரம் வாங்கி 43-வது நாள், ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் என்று தனித்தனியாக இருந்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்த சபை. உலகத்தில் அப்போது அது பெரிய செய்தி. பிஷப் உள்ளவர்களும், பிஷப்பே வேண்டாம் என்றவர்களும் ஒரே இலையில் சாப்பிட உட்கார்ந்த மாதிரி.

சேர்ந்தது சேர்ந்ததுதான். ஆனால் பிறந்த வீட்டுப் பழக்கம் போகுமா? எங்களுடையது ஆங்கிலிக்கன் வழியில் வந்த கோயில். ஆயர் அங்கி போட்டுத்தான் வருவார். நற்கருணைக்குக் கம்பி அளியின் முன்னால் முழங்கால் போட வேண்டும். ஜெபங்கள் புத்தகத்தில் அச்சடித்தபடி. 'இப்போது எல்லோரும் நிற்கவும்' என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பது வருஷமாகப் பழகிய முழங்கால்கள் தானாகவே எழுந்துவிடும். பாமாலைப் பாட்டை நாலு குரலில் பாடுகிற குயர் இன்னும் இருக்கிறது. பக்கத்திலேயே கீபோர்டில் டிரம்ஸ் சத்தத்தைத் தட்டிவிடுகிற பையனும் இருக்கிறான். அவனைப் பற்றி என் அபிப்பிராயத்தை இங்கே எழுதினால் அவன் அம்மா அடுத்த ஞாயிறு என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்.

அறுப்பின் பண்டிகைக்கு ஒரு தரம் வாருங்கள். ஊரில் அறுவடையின் முதல் பலனைக் கொண்டுவந்து படைத்தார்கள். இங்கே வயலுக்கு எங்கே போக? கோயம்பேட்டில் வாங்கிய பூசணிக்காயைத்தான் கொண்டுவருவோம். அதை ஏலம் விடுவார்கள். முப்பது ரூபாய்க் காயை ஆயிரத்து இருநூறுக்கு எடுத்தவர், "சபைக்கே இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுக்க, அதே காய் மறுபடியும் ஏலத்துக்கு வரும். கமிட்டி எலெக்‌ஷனில் எதிரெதிராக நின்ற இருவர் ஒரு முட்டைக்காக மோதிக்கொள்வதைப் பார்க்க நான் எந்த வேலையையும் விட்டுவிட்டு வருவேன்.

நான் சொல்ல வந்தது வெஸ்ட்ரி பீரோவைப் பற்றி. வெஸ்ட்ரி என்றால் ஆயர் அங்கி மாட்டுகிற சின்ன அறை. அதன் மூலையில் பச்சை பெயின்ட் அடித்த ஒரு இரும்பு பீரோ. உள்ளே ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று வகை ரிஜிஸ்டர். மனுஷனுக்கு வேறு என்ன இருக்கிறது, அதற்கு மேல் நாலாவது புத்தகம் போட?

பழைய புத்தகங்களைப் பூச்சி அரிக்க ஆரம்பித்துவிட்டது. போட்டோ எடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது என்றாலும், கையால் ஒரு பிரதி இருக்கட்டும் என்று ஆயர் விரும்பினார். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னையும், ரிட்டயர்டான டீச்சரம்மா ஒருவரையும் பிடித்துப்போட்டார். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை. டீச்சரம்மா வாசிப்பார், நான் எழுதுவேன். என் விரல் வலித்தால் அவர் எழுதுவார். நடுவில் கோயில்பிள்ளை வீட்டு டீ.

அந்த வேலையில் ஒரு ருசி இருக்கிறது ஸார். கோட்டைக்குள் இருக்கிற செயின்ட் மேரீஸ் சர்ச் 1680-ல் பிரதிஷ்டை ஆனது. 1753-ல் ராபர்ட் கிளைவுக்கு அங்கேதான் கல்யாணம். எங்கள் ரிஜிஸ்டரில் கிளைவ் எல்லாம் கிடையாது. தகப்பன் தொழில் என்ற கட்டத்தில் பட்லர், சமையல், மில் கூலி, கம்பவுண்டர், ரயில்வே ஃபயர்மேன். ஒரே வாரத்தில் ஒரே வீட்டில் மூன்று அடக்கம். டீச்சரம்மா வாசிப்பதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். அப்புறம், "ம்... எழுதுங்க" என்பார்.

இன்னொன்றும் புரிந்தது. எங்களில் சிலருக்கு இரண்டு பெயர். ரிஜிஸ்டரில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று. கோயிலுக்குள் சாமுவேல், வெளியே செல்வம். ஏன் என்று கேட்டால் 1950-க்குப் போக வேண்டும். அந்த வருஷம் வந்த ஜனாதிபதி உத்தரவின்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956-ல் சீக்கியர்களையும், 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்களைத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது என்பது இதற்குச் சொல்லப்படும் வாதம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கிறிஸ்தவப் பத்திரிகைகளில் வரும் மணமகள் தேவை விளம்பரங்களைப் படித்துவிட்டு அதே வாதத்தைச் சிரிக்காமல் சொல்லுங்கள் பார்க்கலாம். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசத்தை உடனே விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெரிய கலகமே வந்தது. பலர் கோயிலை விட்டுப் போனார்கள், சாதியை விடவில்லை. உத்தரவு போட்டு இருநூறு வருஷம் ஆகப்போகிறது.

இனி நான் சொல்வதில் ஊர், தொழில், வருஷம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். யாரென்று தேடாதீர்கள்.

எங்கள் சபையில் பூ அக்கா என்று ஒருவர் உண்டு. மார்க்கெட் வாசலில் பூ கட்டி விற்பவர். சனிக்கிழமை சாயங்காலம் பீடத்தில் வைக்கும் இரண்டு குவளைப் பூவும் அவர் கொடுப்பது. கமிட்டி காசு கொடுத்தால் வாங்கமாட்டார். கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சில், தூணோரமாக உட்காருவார். ஒரே மகன். படித்து, பரீட்சை எழுதி, ஒரு அரசாங்க ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவனுக்கும் இரண்டு பெயர்தான். சர்ட்டிபிகேட்டில் இந்து.

ஒரு சனிக்கிழமை நாங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது அக்கா பூவோடு வெஸ்ட்ரிக்கே வந்துவிட்டார். ஆயரும் இருந்தார். "ஐயா, புள்ளைக்கு கல்யாணம் தெகஞ்சிருக்கு" என்றார். சந்தோஷம் என்றோம். பெண்ணும் நம்ம சபைதான், இன்னொரு கோயில். அக்கா நகரவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்: "ஓலை வாசிக்காம, புக்குல எழுதாம, சும்மா பீடத்துக்கு முன்னால நிக்க வெச்சு ஜெபம் பண்ணித் தாலி கட்ட முடியாதாய்யா?"

ஓலை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, ஆராதனை நடுவில் மாப்பிள்ளை பெண் பேரை, அப்பா அம்மா பேரை ஆயர் சத்தமாக வாசிப்பார். இவர்கள் சேருவதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார். யாரும் சொல்வதில்லை. சின்னப் பிள்ளைகள் திரும்பித் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த வழக்கம்தான். ஆனால் ஓலை வாசிக்காத கல்யாணத்தைக் கல்யாணமாகவே எங்கள் பாட்டிகள் ஒத்துக்கொண்டதில்லை. தாலி கட்டினதும் ரிஜிஸ்டரில் கையெழுத்து. 1872-ம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் அது. அபூர்வமான விதிவிலக்குகள் தவிர, காலை ஆறு மணிக்கும் சாயங்காலம் ஏழு மணிக்கும் நடுவில்தான் கல்யாணம் நடக்க வேண்டும் என்றுகூட அதில் இருக்கிறது. எழுதாமல் ஒரு ஆயர் கல்யாணம் பண்ணிவைக்க வழியில்லை.

எழுதினால்? 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் தீர்ப்பு சொன்னது. ஞானஸ்நானம் பெற்று, தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்க முடியாது, அது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவதாகும் என்று. ஞானஸ்நானப் பதிவும் அங்கே சாட்சியாக வந்தது. பூ அக்காவுக்குத் தீர்ப்பு எல்லாம் தெரியாது. மகனுக்குத் தெரியும்.

"ஐயா, நான் ஏமாத்தலய்யா" என்றார் அக்கா. "எங்க தெருவை எல்லாரும் என்ன பேரு சொல்லிக் கூப்புடுறாங்கன்னு ஒங்களுக்குத் தெரியும். ஞானஸ்நானம் எடுத்த அன்னிக்கு அந்தப் பேரு மாறிடிச்சா?"

ஆயர் வாலிபர். பிரசங்கத்தில் பின்னி எடுப்பார். அன்றைக்கு மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே இருந்தார். "எழுதாம என்னால முடியாதும்மா. எழுதினா தம்பிக்கு முடியாது. நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அக்கா கேட்டதிலும் தெரியவில்லை. சட்டம் படித்தவர்கள் யாராவது எது தப்பென்று எனக்கு எழுதுங்கள். அரசாங்கமும் 2022-ல் இதைப் பற்றி யோசிக்க ஒரு கமிஷன் போட்டது.

அக்கா பூவை வைத்துவிட்டுப் போனார். அன்று சம்பங்கி.

கல்யாணம் இரண்டு மாசம் கழித்து ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. ஐயர் வைத்து, அக்கினி வளர்த்து. சபையில் யாருக்கும் பத்திரிகை வைக்கவில்லை. ஆனாலும் டீச்சரம்மா போனார். அன்று சனிக்கிழமை, எழுத வரவில்லை. நான் அடுத்த வாரம், "எப்படி நடந்தது?" என்றேன். "சாப்பாடு நல்லா இருந்தது. அக்காதான் பொண்ணைப் பெத்தவ மாதிரி ஓரமா நின்னுட்டிருந்தா" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் ஞாயிறு அக்கா வந்திருந்தார். அதே தூணோரம். எங்கள் சபையில் ஒரு பெரியவர் உண்டு. யார் வீட்டு விஷயமானாலும் வராந்தாவில் நின்று தீர்ப்பு சொல்வார்; சந்தா பாக்கி வைத்தவன் பேரைக்கூட விடமாட்டார். அவர் அன்றைக்கு என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்கு உள்ளூர உதறல். ஜெபத்தில் ஆயர் வழக்கமாக எல்லார் பேரையும் சொல்வார் - பிறந்த நாள், ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள், பரீட்சை எழுதுகிற பிள்ளைகள். கடைசியில், "புதிதாக இல்லறம் தொடங்கியிருக்கிற ஒரு குடும்பத்துக்காக" என்று மட்டும் சொல்லி நிறுத்தினார். முதலில் "ஆமென்" என்று கனமாகக் கேட்டது அந்தப் பெரியவர் குரல்.

ஆராதனை முடிந்ததும் அவர் நேராகப் பூ அக்காவிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன். "என்னம்மா, இந்த வாரம் பூ ரொம்ப நாள் தாங்கும் போலிருக்கே" என்றார். அவ்வளவுதான். சமோசா தீர்ந்துவிடுமே என்று டீ ஸ்டாலுக்கு நகர்ந்துவிட்டார்.

நாங்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம். போன சனிக்கிழமை அந்த வருஷத்துப் பக்கம் வந்தது. எந்த வருஷம் என்று சொல்லப்போவதில்லை. தேதியை வாசித்த டீச்சரம்மா, புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். "நீங்களே பாத்து எழுதிக்குங்க. எனக்குக் கண்ணு சரியில்ல." அதற்கு முந்தின பக்கத்தில் பூச்சி அரித்த பேரையெல்லாம் கண்ணாடி போடாமல் வாசித்தவர்.

பார்த்து எழுதினேன். பிள்ளையின் பெயர். தகப்பன் பெயர், தாய் பெயர். தொழில்: பூ வியாபாரம். ஞானத்தகப்பன்மார் என்ற கட்டத்தில் இரண்டு பேர். ஒருவர் இப்போது இல்லை. ஞானத்தாய் என்ற கட்டத்தில் டீச்சரம்மாவின் பெயர் இருந்தது. அதையும் எழுதினேன். மை காய்வதற்குள் கோயில்பிள்ளை டீ கொண்டுவந்துவிட்டார். குடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனோம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருவரின் மகள், பெயர் கிரேஸ்.