ரெண்டு மார்க் நிலா

பெரியகுளத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அவர். பௌர்ணமி ராத்திரி, மொட்டை மாடியில் பேத்தியோடு உட்கார்ந்திருந்தார். "பாரு தாயி, நிலா எப்பவும் ஒரே முகத்தைத்தான் காட்டும். பூமியைச் சுத்தும், தன்னைத்தானே சுத்திக்காது" என்றார்.

"சுத்தும் தாத்தா!" கல்லூரியில் இயற்பியல் படிக்கிற பேத்தி, அவரை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் முகத்தையே பார்த்தபடி ஒரு வட்டம் வந்தாள். கிளம்பும்போது கொடைக்கானல் மலை அவள் முதுகுக்குப் பின்னால். எதிர்ப்பக்கம் வந்தபோது முகத்துக்கு நேரே. உடம்பு திரும்பாமல் இது எப்படி நடக்கும்? நிலா 27.3 நாளில் பூமியைச் சுற்றுகிறது, அதே 27.3 நாளில் தன்னையும் ஒருமுறை சுற்றிக்கொள்கிறது.

பெரியவருக்குப் பேச்சு வரவில்லை. ஒரு வருஷம், அறிவியல் ஆசிரியர் நீண்ட விடுப்பில் போனதால் அந்த வகுப்பையும் இவரே பார்த்தார். இதே பதிலை எழுதிய பையனுக்கு ரெண்டு மார்க்கைக் குறைத்து, வாதாடியதற்காக உள்ளங்கையில் பிரம்படியும் கொடுத்திருந்தார்.

பேத்தி விடுவாளா? ஐன்ஸ்டீன் 1915-ல் பொதுச் சார்பியலைச் சொன்னார். மறுவருஷமே நெதர்லாந்தின் டி சிட்டர் ஒரு கணக்குப் போட்டார். சூரியன் வளைத்த வெளியில் ஓடும் பூமியும் நிலாவும் சேர்ந்து ஒரு பெரிய பம்பரம். அந்தப் பம்பரம் நூறு வருஷத்துக்குச் சுமார் 1.9 விகலை திரும்பும். ஒரு டிகிரிக்கு 3,600 விகலை. ஆக, ஒரு டிகிரி திரும்பவே 1,80,000 வருஷத்துக்கு மேலாகும்! அப்போலோ வீரர்கள் நிலாவில் வைத்த கண்ணாடிகள்மீது லேசர் அடித்து, 1980-களின் கடைசியில் அதையும் அளந்துவிட்டார்கள்.

"இந்த மலைமேலயே எவர்ஷெட்னு ஒருத்தர் இருந்தார் தாத்தா" என்றாள். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் இயக்குநர். ஐன்ஸ்டீன் சொன்ன நகர்வைச் சூரிய ஒளிக்கோடுகளில் வருஷக்கணக்காகத் தேடியவர். முதலில் அவருக்கே சந்தேகம்தான். 1923 வாக்கில் 'இருக்கிறது' என்று ஒப்புக்கொண்டார்.

"ஒப்புக்கிட்டாரா?" என்று மட்டும் கேட்டார் தாத்தா.

ஞாயிற்றுக்கிழமை தேனி வழியாகக் கம்பத்துக்குப் பஸ் ஏறினார். சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். அந்தப் பையனுக்கும் தலை நரைத்திருந்தது. விஷயத்தைச் சொல்லிவிட்டுத் தலை குனிந்து நின்றார் ஆசிரியர்.

"ஐயா, பரீட்சை மறந்துபோச்சு. அடி மட்டும் ஞாபகமிருக்கு" என்று சிரித்தவர், ஒரு பெட்டி பன்னீர் திராட்சையைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். வண்டி நகரும்போது ஜன்னலோரம் வந்து கேட்டார்.

"அந்த ரெண்டு மார்க்கை எப்பங்கய்யா தருவீங்க?"