எந்த மாதம்?

குளத்தைப் பற்றி நான் எழுதி அச்சில் வந்த கவிதை ஒன்றே ஒன்றுதான். 1979இல் ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. பதினோரு வரிகள். என்னோடு படித்த பையன் ஒருவன் பேரூர்ப் பக்கத்துக் குளம் ஒன்றில் மூழ்கி இறந்ததை வைத்து எழுதியது. குளம் அதில் ஒரு வாயாக வந்தது. மௌனம் என்ற சொல் இரண்டு முறை வந்தது. காந்திபுரத்தில் என் அறையில் கூடிய நாலைந்து நண்பர்கள், படிமம் நன்றாக இறங்கியிருக்கிறது என்றார்கள். நானும் நம்பினேன்.

பத்திரிகையை ஊருக்கு எடுத்துப் போயிருந்தேன். அப்புச்சி என்னையே படித்துக் காட்டச் சொன்னார். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டவர், முடிந்த பிறகு சற்று நேரம் பேசவில்லை.

“ஏங் கண்ணு, அது எந்த மாசம்னு எழுதலியே?”

“கவிதைல மாசமெல்லாம் வராதுங்கப்புச்சி.”

“மாசந்தானே அவனக் கொன்னுச்சு” என்றார். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

எனக்கு நீந்தக் கற்றுத் தந்தவர் அவர்தான். முதலில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டித் தோட்டத்துக் கிணற்றில் இறக்கினார். ஆழக் கிணற்றின் நீருக்கு மாதம் கிடையாது. வருஷத்தின் சூடும் குளிரும் பூமிக்குள் இறங்கிச் சமனாகிவிடுவதால் அது எப்போதும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருக்கும். சித்திரையில் குளிர்ந்ததாகவும் மார்கழியில் வெதுவெதுப்பாகவும் நம் உடம்புக்குத்தான் தோன்றும். குளம் அப்படியல்ல. கிணற்றில் நீச்சல் பழகினேன். வருஷம் என்றால் என்ன என்பதைக் குளத்தில்தான் பழகினேன்.

சித்திரை மத்தியானத்தில் இடுப்புவரை காய்ச்சின நீர், முழங்காலுக்குக் கீழே வேறொரு நீர். இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் இருக்கும். சூடேறிய நீர் லேசாகி மேலே மிதக்கிறது என்பது பிறகு படித்தது. நீர் மிகக் கனமாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில். குளிர்தேசத்து ஏரிகளின் வாழ்க்கையே அந்த 4 டிகிரியைச் சுற்றித்தான் நடக்கிறது. நம் குளங்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை. ஆனால் 25, 30 டிகிரியில் ஒவ்வொரு டிகிரிக்கும் அடர்த்தி மாறும் அளவு, 4 டிகிரிக்குப் பக்கத்தில் மாறுவதைப்போலப் பல மடங்கு. அதனால் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசமே இங்கே நீரை மாடிவீடாக்கப் போதும். இரவில் மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்குகிறது. ஆழமில்லாத குளத்தில் விடிவதற்குள் மேலும் கீழும் ஒன்றாகிவிடுகின்றன.

ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வரும். வெயில் இருந்தும் நீர் குளிரும். காற்று அதைக் கலக்கி, ஆவியாக்கி, சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மார்கழி விடியலில் கரையில் நிற்பவன் நடுங்குவான், உள்ளே இருப்பவன் நடுங்கமாட்டான். நீர் பழைய சூட்டை லேசில் விடாது. அந்த மாதத்தில் குளத்தின் மேல் புகைபோல் எழுவது அதுதான். புழுக்கமான பல நாள்களுக்குப் பிறகு திடீரென்று மழை பெய்தால், மறுநாள் காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து தவிக்கும். அடியில் கிடந்த, பிராணவாயு தீர்ந்த நீர் புரண்டு மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். ‘இன்னிக்கு எறங்காதே’ என்பார் அப்புச்சி. காரணம் சொன்னதில்லை.

அவர் சொன்னவற்றில் கண்டிப்பானது ஒன்று: புதுத் தண்ணீர் வந்தால் மூன்று நாள் இறங்கக் கூடாது.

1969 ஆடி. எங்கள் ஊரில் ஒரு தூறல்கூட இல்லை, காற்று மட்டும்தான். ஆனால் மேற்கே வெள்ளியங்கிரி மலையில் மழை. ராத்திரியோடு ராத்திரியாக நொய்யல் வாய்க்காலில் நீர் வந்து குளத்தில் விழுந்தது. சிவப்பாக, மலையின் குளிரோடு, தரை தெரியாமல். வைகாசியில் மார்பளவு நின்ற இடத்தில் இரண்டு ஆள் ஆழம். அந்தப் பையன் வைகாசிக் குளத்தில்தான் குதித்தான். ஆடிக் குளம் அவனை வாங்கிக்கொண்டது. நான் கரையில் நின்றிருந்தேன். அப்புச்சி சொன்னதைக் கேட்டு நான் இறங்கவில்லை. அவனிடம் சொல்லவுமில்லை.

பத்து வருஷம் கழித்து எழுதிய கவிதையில் குளத்தை வாயாக்கியது ஏன் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. குளம் விழுங்கிவிட்டால் கரையில் நின்றவனைப் பற்றிக் கேள்வி எழாது. மாதத்தைச் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருந்ததையும் சொல்லியிருக்க வேண்டும். படிமம் எனக்குச் செய்த உபகாரம் அது.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. நாம் நிலத்தைக் குறியீடாக்கி வைத்துக்கொண்டு பொழுதைக் கைவிட்டுவிட்டோமோ என்று எனக்குப் படுகிறது. மருதத்துக்குச் சிறுபொழுதாக வைகறையையும் விடியலையும் வைத்தவர் குளத்தில் இறங்கிப் பார்த்துத்தான் வைத்தார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் குளம் முழுவதும் ஒரே நீராக இருக்கும் நேரமும் அதுதான். நம் கவிதைகளில் நீர் குளிர்ந்திருக்கிறது, ஆழ்ந்திருக்கிறது, சலனமற்றிருக்கிறது. எந்த மாதத்திலும் இல்லை. எந்த மாதத்திலும் இல்லாத நீரில் ஒருவன் மூழ்கவும் முடியாது, ஒருவனைக் காப்பாற்றவும் முடியாது.

இதைக் கவிஞர்களின் குறையாக மட்டும் சொல்வதும் நியாயமில்லை. சில வருஷங்களுக்கு முன்பு ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் உக்கடம் பெரியகுளத்துக்கும் வாலாங்குளத்துக்கும் கரை கட்டி, நடைபாதை போட்டு, விளக்கு வைத்தார்கள். சாயங்காலம் காந்திபுரத்திலிருந்து பஸ் ஏறிப் போய் நானும் நடக்கிறேன். கூட்டம் நல்ல கூட்டம். எல்லோரும் நீரைப் பார்க்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், படகில்கூடப் போகலாம். இறங்குபவர் யாருமில்லை. பல காலமாக நகரத்தின் சாக்கடை சேர்ந்த நீரில் இறங்கச் சொல்லவும் முடியாது. ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும்போது காற்றுக்கூட அதைத் தொடுவதில்லை. கண்ணுக்கு மட்டும் என்று ஆகிவிட்ட நீர் ஏறக்குறைய என் கவிதையில் வந்த நீர்தான்.

அந்தக் கவிதையைத் திருத்த முயன்றேன். ‘ஆடி’ என்று முதல் வரியில் எழுதியதும் வாய் போயிற்று, மௌனம் இரண்டும் போயிற்று. கரையில் நிற்கும் பையன் ஒருவன் உள்ளே வந்தான். அவனை என்ன செய்வதென்று தெரியவில்லை. பன்னிரண்டு வயது, நீந்தத் தெரிந்தவன், வாய் திறக்காதவன். அவனுக்கு மேல் எழுத வரவில்லை.

அப்புச்சி இறந்தது ஒரு தை மாதம்.